சந்திரசேகர் கப்பலில் போட்ட கணக்கு

1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் திகதி பம்பாயிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட கப்பலில் 19 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் இருந்தார். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் பட்டம் முடித்து, அரசாங்கப் புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் போகிறார். பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சேர். சி.வி. ராமனின் தம்பி மகனோ அண்ணன் மகனோ என்று நம்மவர்கள் சிலர் குழம்புவதுண்டு, அண்ணனின் மகன்தான்.

அவருடைய வீட்டில் அப்போது நிலைமை சரியில்லை. தாயார் சீதாலட்சுமி கடும் நோயில் படுத்திருந்தார். பத்துப் பிள்ளைகளில் மூத்த ஆண்பிள்ளை சந்திரசேகர். அந்த நேரத்தில் மகனைக் கப்பலேற்றுவதா என்று உறவினர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. தகப்பனார் சுப்பிரமணிய ஐயரோ மகன் ஐ.சி.எஸ். எழுதி பெரிய உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்று விரும்பியவர். பிள்ளை விரும்பியதைப் படிக்கட்டும், போய்வரட்டும் என்று உறுதியாக நின்றவர் அந்தத் தாய்தான். இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்த பெண்மணி அவர். மகன் போய் ஓராண்டு முடியுமுன், 1931 மே மாதத்தில், அவர் காலமானார். தாயின் முகத்தை மகன் மறுபடி பார்க்கவில்லை.

கப்பலில் அவர் சும்மா இருக்கவில்லை. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி ‘வெண்குள்ளன்’ என்ற நிலைக்கு வந்து அமைதியாகக் குளிர்ந்துவிடும் என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். இவர் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்த்தார். விடை விசித்திரமாக வந்தது: ஓர் எல்லைக்கு மேற்பட்ட எடையுள்ள நட்சத்திரத்துக்கு அந்த அமைதி வாய்க்காது. பிற்பாடு அந்த எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று திருத்தமாக வந்தது. இன்று உலகம் அதைச் சந்திரசேகர் எல்லை என்கிறது.

1933இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. வேலை முடிந்தது என்று யாரும் நினைக்கலாம். உண்மையில் அப்போதுதான் தொடங்கியது. டிரினிட்டி கல்லூரியில் ஆய்வாளர் இடம் கிடைத்து, கையால் சுழற்றும் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் எண்களைப் போட்டார். வானியலின் பெரிய பெயரான ஆர்தர் எடிங்டன் அடிக்கடி வந்து விசாரிப்பார். 1935 ஜனவரி 11ஆம் திகதி லண்டன் ரோயல் வானியல் சங்கத்தில் சந்திரசேகர் தன் முடிவை வாசித்து அமர்ந்ததும், அதே எடிங்டன் எழுந்து அதை அபத்தம் என்று கேலிசெய்தார். சபை சிரித்தது. 24 வயதுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்!

எனக்கு இதில் கோபம் எடிங்டன்மேல் அதிகமில்லை. அவர் நினைத்ததைச் சொன்னார். கணக்கு சரி என்று தெரிந்த பெரிய பௌதிகவியலாளர்கள் தனியாகக் கடிதத்தில் ஆறுதல் சொல்லிவிட்டு, வெளியில் வாய்திறக்காமல் இருந்தார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை. 1937இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்குப் போய், 1939இல் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதிவைத்துவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். எடிங்டனைப்பற்றிப் பிற்காலத்தில் அவர் ஆற்றிய உரைகளில் மரியாதைதான் இருந்தது. நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. கப்பல் ஏறி 53 ஆண்டுகள்! 1995 ஓகஸ்ட் 21ஆம் திகதி சிக்காகோவில் காலமானார்.

அந்த எல்லையைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதுதான் சுப்பர்நோவாவின் கதை. பக்கத்து நட்சத்திரத்திலிருந்து பொருளை வாங்கி எல்லையை நெருங்கும் வெண்குள்ளன், உள்ளே கார்பன் பற்றி முழுவதுமாக வெடித்துச் சிதறும். பெரிய நட்சத்திரமோ வேறு வகை. அதன் நடுவிலுள்ள இரும்புக் கரு எல்லையைத் தாண்டியதும் ஒரு விநாடிக்குள் இடிந்து விழும். அந்த இடிவு எப்படி வெளிநோக்கிய வெடிப்பாக மாறுகிறது என்பதைத்தான் இன்று சுப்பர் கம்பியூட்டர்களில் கணித்துப் பார்க்கிறார்கள். ஆரம்பகாலக் கணிப்புகள் பலவற்றில் நட்சத்திரம் வெடிக்கவே மறுத்தது. அதிர்ச்சி அலை பாதியில் நின்றுவிடும். நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் அதற்குச் சூடேற்றி மறுபடி தள்ளுகின்றன என்பது இப்போதைய முக்கிய விளக்கம். ஒரு விநாடி வெடிப்பை முப்பரிமாணத்தில் கணிக்க இயந்திரத்துக்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகும்.

இது நமக்குத் தூரமான விஷயமுமல்ல. ஹிஜ்ரி 396இல், அதாவது கி.பி. 1006இல், வானில் திடீரென ஒரு புதிய நட்சத்திரம் தோன்றியது. மிஸ்ரில் அலி இப்னு ரிழ்வான் என்ற மாணவர் அதைப் பார்த்தார். கீஸாவில் ரொட்டி சுடும் ஒருவரின் மகன், அப்போது வயது 18 அளவில். பின்னாளில் பெரிய வைத்தியரானார். அதன் ஒளி சந்திரனின் ஒளியில் கால்பங்குக்குச் சற்று அதிகம் என்றும், அன்று சூரியனும் கோள்களும் நின்ற இடங்கள் எவை என்றும் எழுதிவைத்தார். இன்றைய வானியலாளர்கள் அந்தக் குறிப்பை வைத்தும் கணக்குப் போடுகிறார்கள். அது ஒரு வெண்குள்ளனின் வெடிப்பு.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. மட்டக்குளியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டாள். இந்த வெடிப்புகளைக் கணினியில் கணிக்கும் ஆய்வுக்கு வெளிநாட்டில் இரண்டு வருட அழைப்பு வந்திருக்கிறது. வீட்டில் உம்மாவுக்குச் சுகமில்லை. கலாநிதி ஆனபிறகும் என்ன படிப்பு என்று அவளுடைய வாப்பா என்னிடம் கேட்டார்.

இது படிப்பல்ல, சம்பளத்தோடு வேலை, கட்டணம் கட்டத் தேவையில்லை என்று சொன்னேன். பட்டம் வாங்கியது இதைச் செய்வதற்குத்தான் என்றும், சந்திரசேகர் எடிங்டன் முன்னால் நின்றது பட்டத்துக்குப் பின்னர்தான் என்றும் சொன்னேன். அவருடைய தாயின் கதையையும் மறைக்காமல் சொன்னேன். போய்வரட்டும் என்றதையும் சொன்னேன், மகன் மறுபடி பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்வது நியாயமில்லை.

அவர் தேநீர் குடித்து முடித்துவிட்டு, உம்மாவிடமே கேட்டுப் பார்ப்போம் மாஸ்டர் என்று எழுந்தார்.