ராமானுஜனை வாட்டிய தனிமை: இங்கிலாந்தில் என்ன நடந்தது?

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்து வெளிநாட்டு வேலைக்குப் போன பிள்ளைக்கு போன் போட்டால், வீட்டில் முதலில் கேட்பது சாப்பிட்டியா என்றுதான். கவுன்சிலர்களும் அதைத்தான் கேட்பார்கள். சாப்பாடும் தூக்கமும் மாறுவது மனச்சோர்வின் முக்கியமான அறிகுறி. கணித மேதை ராமானுஜன் கதையிலும் சாப்பாடு வருகிறது.

1914 மார்ச்சில் சென்னையில் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 26. சில மாதங்களிலேயே முதல் உலகப் போர் வந்துவிட்டது. சுத்த சைவம் என்பதால் கேம்பிரிட்ஜ் அறையில் தானே சமைத்தார். அதுவும் நேரம் காலம் இல்லாமல். ஊரில் மனைவி ஜானகிக்கும் மாமியாருக்கும் ஆகவில்லை. ஜானகியின் கடிதங்கள் அவரைச் சென்று சேரவே இல்லை.

ஒருநாள் இந்திய நண்பர்களை விருந்துக்கு அழைத்தார். மூன்றாவது முறை பரிமாற வந்தபோது, வந்திருந்த பெண்கள் போதும் என்றார்கள். அவ்வளவுதான். சத்தமில்லாமல் வெளியேறி, டாக்ஸி பிடித்து ஆக்ஸ்ஃபோர்டு போய்விட்டார். சில நாள் கழித்து, திரும்பி வர பணம் கேட்டு தந்தி வந்தது. கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் ஒரு சின்ன மறுப்பைக்கூட தாங்க முடியாத அளவுக்கு மனசு நொந்திருந்தது என்றே ஒரு கவுன்சிலர் இதைப் படிப்பார்.

1917இல் உடம்பும் படுத்துவிட்டது. காசநோய் என்று மருத்துவமனை மாற்றி மருத்துவமனை அனுப்பினார்கள். டிரினிட்டி கல்லூரி ஃபெலோஷிப்பும் அந்த ஆண்டு கிடைக்கவில்லை. 1918 தொடக்கத்தில் லண்டனில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ரயில்வே ஊழியர் ஒருவரால் பிழைத்தார். ஆனால் அவரைப் பிடித்தது போலீஸ்! தற்கொலை முயற்சி அங்கே 1961 வரை குற்றம். பேராசிரியர் ஹார்டி தலையிட்ட பிறகே விட்டார்கள். ஹார்டி வழியாகத் தெரிந்த இந்தச் சம்பவத்தை விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகர் பல பத்தாண்டுகள் கழித்தே வெளியில் சொன்னார்.

இன்று இந்தியாவில் சட்டம் வேறு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும். சிகிச்சை தருவது அரசின் கடமை.

1918 மே மாதம் ராயல் சொசைட்டி, அக்டோபரில் டிரினிட்டி என அங்கீகாரங்கள் வந்தன. மறுபடி கணக்கு எழுத ஆரம்பித்தார். 1919இல் ஊர் திரும்பினார். உடல்நிலை மட்டும் தேறவில்லை. 1920 ஏப்ரல் 26இல், 32 வயதில் சென்னையில் இறந்தார். கடைசி ஆண்டில் படுக்கையிலேயே எழுதிய போலி தீட்டா சார்புகளை கணித உலகம் இன்றும் ஆராய்கிறது. அந்த நாட்களில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் ஜானகி.

(மன உளைச்சலில் இருந்தால் டெலி மானஸ் 14416 அல்லது தமிழக அரசின் 104 எண்ணில் பேசலாம்.)