விண்ணிற் பறந்த நங்கை

பறவையைப் போல வானில் உலவ வேண்டும் என்பது மனித குலத்தின் நெடுநாளைய வேட்கை. 1903 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17 ஆம் நாள் அமெரிக்க நாட்டில் ரைட் சகோதரர்கள் தம் விமானத்தைப் பறக்கவிட்டபோது அவ்வேட்கை நிறைவேறியது. அதன்பின் எட்டு ஆண்டுகள் முடியுமுன், 1911 பிப்ரவரி 18 ஆம் நாள், அலகாபாத்திலிருந்து யமுனையாற்றைக் கடந்து நைனிக்கு ஒரு விமானம் கடிதங்களைச் சுமந்து சென்றது. உலகில் அஞ்சலை முறையாக வான்வழியே கொண்டு சென்ற முதற் பயணம் அதுவே. 1932 அக்டோபர் 15 ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தாமே செலுத்தி வந்தார். அத்தபால் பின்னர் சென்னை வரையிலும் வான்வழியே வந்து சேர்ந்தது.

விமானம் செலுத்துவது அக்காலத்தில் உயிரைப் பணயம் வைக்கும் தொழிலாகவே இருந்தது. வீட்டின் வாயிற்படியைத் தாண்டுவதற்கே பெண்கள் தயங்கிய காலமும் அதுவே. அக்காலத்தில், புடைவை உடுத்த கோலத்தோடு விமானத்தில் ஏறித் தன்னந்தனியே விண்ணிற் பறந்தார் ஒரு நங்கை. அவரே சரளா தக்ரால் அம்மையார்.

இளமையும் இல்லறமும்

சரளா 1914 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8 ஆம் நாள் தில்லியில் பிறந்தார். பதினாறாம் வயதில் பி. டி. சர்மா என்பவருக்கு வாழ்க்கைத் துணைவியானார். அவர் புகுந்த குடும்பம் வியக்கத்தக்க குடும்பம். அதில் ஒன்பது பேர் விமானிகள். சர்மாவோ விமானத் தபால் எடுத்துச் செல்லும் உரிமம் பெற்ற முதல் இந்தியர் எனப் பெயர் பெற்றவர். கராச்சிக்கும் லாகூருக்கும் இடையே விமானம் செலுத்தி வந்தவர்.

காலையில் கணவர் புறப்படுவதும், அவர் திரும்பும் வரையில் வீட்டார் வானத்தை நோக்கியிருப்பதும் அவ்வில்லத்தில் அன்றாட நிகழ்ச்சிகள். காற்றின் போக்கும் மேகத்தின் நிலையும் அங்கே உணவு வேளையின் உரையாடல்கள். இச்சூழலில் வாழ்ந்த சரளாவின் உள்ளத்திலும் பறக்கும் ஆர்வம் முளைத்தது. கணவர் ஊக்கினார், அவரினும் மிகுதியாக மாமனார் ஊக்கினார். மருமகள் அடுக்களைக்கு மட்டுமே உரியவள் என்று எண்ணியோர் நிறைந்த நாளில், அம்முதியவர் தம் மருமகளை விமானப் பயிற்சிக்கு அனுப்பியது பெரிதும் போற்றத்தக்கது.

பயிற்சி

லாகூர் விமானக் கழகத்திற் சரளா பயிற்சி பெற்றார். அங்கே அவர் பயின்ற விமானம் ‘ஜிப்சி மாத்’ என்பது. மரச் சட்டங்களின்மேல் துணியை இழுத்துப் போர்த்துச் செய்த சிறிய விமானம் அது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கைகள். மேற்கூரையில்லாத இரண்டு இருக்கைகள். முன்னிருக்கையில் ஆசிரியரும் பின்னிருக்கையில் மாணவரும் அமர்வர். முன்னே உள்ள சுழல்விசிறியைக் கீழே நிற்கும் ஒருவர் கையால் வலிந்து சுழற்றினாலன்றி இயந்திரம் உயிர் பெறாது. பறக்கும்போது காற்று முகத்தில் அறையும். இயந்திரத்தின் ஓசை செவியை அடைக்கும். ஆசிரியர் கூறுவதை ஒரு குழாயின் வழியாகவே மாணவர் கேட்டறிய வேண்டும்.

விமானத்தை மேலே எழுப்புவது ஓரளவு எளிது; அதனைப் பழுதின்றித் தரையிறக்குவதே அரிது. விரைவு மிகுந்தால் விமானம் தரையில் மோதித் துள்ளும். விரைவு குறைந்தாலோ இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழந்து விமானம் கல்லைப் போல வீழும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள அளவைக் கண்ணாலும் கையாலும் உணர்ந்து கொள்வதே விமானியின் கலை. நல்லாசிரியர் அதனைச் சொல்லிக் கொடுப்பதோடு நில்லார். மாணவர் தவறு செய்யும்போது தம் கையை எப்போது கொடுக்க வேண்டும், எப்போது கொடாதிருக்க வேண்டும் என்பதையும் அறிந்திருப்பார்.

எட்டு மணி நேரப் பயிற்சி முடிந்த அளவில், சரளா தனியே பறக்கத் தகுதி பெற்றுவிட்டார் என்று ஆசிரியர் முடிவு செய்தார். சரளாவின் திறமையைக் கண்டு மகிழ்ந்த கழகத்தில் எழுத்தர் ஒருவர் மட்டுமே பெண்ணொருத்தி பறப்பதைக் குறித்து முணுமுணுத்தார். அம்முணுமுணுப்பை எவரும் பொருட்படுத்தவில்லை.

தனியே பறந்த நாள்

ஆண்டு 1936. சரளாவுக்கு அப்போது வயது இருபத்தொன்று. நான்கு வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். வழக்கம்போலப் புடைவையைச் செம்மையாக உடுத்தி அவர் விமானத்தில் ஏறி அமர்ந்தார். எதிரே ஆசிரியர் அமரும் இருக்கை வெறுமையாயிருந்தது. பிழை நேர்ந்தால் திருத்தும் கை இல்லை. ஐயம் எழுந்தால் தெளிவிக்கும் குரலும் இல்லை. சுழல்விசிறி முழங்கியது. விமானம் தரையில் ஓடி, மெல்ல மேலெழுந்து, லாகூர் நகரத்து வானில் வட்டமிட்டது. பின்னர்த் தரையில் வந்து செம்மையாக இறங்கியது.

அத்துடன் சரளா அமையவில்லை. மீண்டும் மீண்டும் பறந்து ‘ஏ’ வகை உரிமம் பெற்றார். ஆயிரம் மணி நேரம் பறந்த அனுபவத்தையும் எய்தினார். அவருக்கு முன்னரே, 1932 இல், ஊர்மிளா பரீக் என்னும் பெண்மணி விமானி உரிமம் பெற்றிருந்தார். எனினும், இந்தியப் பெண்கள் வானை நோக்கி எடுத்து வைத்த முதலடியைப் பற்றிப் பேசுவோர் எவரும் சரளாவின் பெயரைக் கூறாமல் விடுவதில்லை.

இடியும் புயலும்

‘ஏ’ வகை உரிமம் உடையோர் விமானம் செலுத்தலாம். ஆனால் அதனைத் தொழிலாகக் கொண்டு ஊதியம் பெறுதல் இயலாது. அதற்கு வேறோர் உயர்ந்த உரிமம் வேண்டும். அதனைப் பெற்றுக் கணவரைப் போலவே தாமும் விமானியாகப் பணியாற்ற வேண்டும் என்பது சரளாவின் கனவு.

அக்கனவின்மேல் 1939 ஆம் ஆண்டில் இடி வீழ்ந்தது. சர்மா விமான விபத்தில் உயிர் நீத்தார். எந்த வானம் அக்குடும்பத்துக்கு வாழ்வளித்ததோ, அந்த வானமே அக்குடும்பத்தின் விளக்கையும் அணைத்தது. இருபத்து நான்கு வயதில், இரண்டு பெண் குழந்தைகளோடு, சரளா கைம்பெண்ணாக நின்றார்.

வேறொருவராயின், விமானம் என்னும் சொல்லைக் கேட்கவும் மனம் நடுங்கியிருப்பர். சரளாவோ துயரத்தை உள்ளத்துள் அடக்கிக்கொண்டு ஜோத்பூருக்குச் சென்றார். தொழில்முறை விமானிக்குரிய பயிற்சியை மேற்கொண்டார். குழந்தைகளைக் காப்பாற்றும் பொறுப்பு இப்போது அவருடையது. எனவே, முன்பு விருப்பமாக இருந்த உரிமம் இப்போது தேவையும் ஆயிற்று.

ஆனால், அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பொதுமக்களுக்கான விமானப் பயிற்சிகள் நிறுத்தப்பட்டன. கணவரைப் பறிகொடுத்த பின்னும் தளராத சரளாவின் வழியை, கடல் கடந்த நாடுகளில் மூண்ட போர் அடைத்துவிட்டது.

தூரிகை ஏந்திய கை

வானம் மூடிக்கொண்டபோது சரளா தரையில் வேறு வழி தேடினார். லாகூருக்குத் திரும்பி, அங்கே புகழ் பெற்று விளங்கிய மேயோ கலைப் பள்ளியிற் சேர்ந்தார். வங்கத்து ஓவிய மரபில் பயிற்சி பெற்று நுண்கலையிற் பட்டயமும் பெற்றார். விமானத்தின் விசையைப் பற்றிய கை தூரிகையைப் பற்றியது.

அவ்வாழ்வும் நிலைக்கவில்லை. 1947 இல் நாடு இரண்டாகப் பிரிந்தது. லாகூர் பாகிஸ்தானுக்குரியதாயிற்று. இலட்சக்கணக்கான மக்கள் வீடும் நிலமும் துறந்து எல்லை கடந்தனர். சரளாவும் தம் இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு தில்லி வந்து சேர்ந்தார். பிறந்த ஊருக்கே திரும்பினாராயினும், வாழ்வைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் கட்ட வேண்டிய நிலையில் இருந்தார்.

கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் 1856 லேயே ஏற்றிருந்தது. சமுதாயம் ஏற்கத் தயங்கியது. சரளா ஆரிய சமாஜக் கொள்கைகளில் பற்றுடையவர். அவ்வியக்கம் கைம்பெண் மறுமணத்தை வரவேற்றது. 1948 இல் அவர் தக்ரால் என்பவரை மணந்தார். அது முதல் சரளா தக்ரால் என அழைக்கப்பட்டார்.

தில்லியில் அவர் அணிகலன்களுக்குப் புதிய வடிவங்கள் அமைத்தார், புடைவைகளில் அச்சு வேலைப்பாடுகள் செய்தார், ஓவியங்கள் தீட்டினார். அவருடைய கைவேலைப் பொருள்கள் தில்லிப் பெருமக்களிடையே நன்மதிப்புப் பெற்றன. பிறர் கையை எதிர்பாராமல் தம் உழைப்பால் வாழ்ந்தார். முதுமையிலும் அவருடைய கைகள் ஓய்ந்திருக்கவில்லை. 2008 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15 ஆம் நாள், தம் 93 ஆம் வயதில், அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

வழிவந்தோர்

சரளா அடைய விரும்பி அடைய இயலாமற்போன நிலையைப் பின்வந்த பெண்கள் எய்தினர். சென்னையில் வாழ்ந்த உஷா சுந்தரம் பெங்களூரை அடுத்த ஜக்கூரில் அரசினர் விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949 இல் தேர்ச்சி பெற்றார். பின்னர்த் தம் கணவரோடு லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் சிறு விமானமொன்றைச் செலுத்தி வந்தார். பிரேம் மாத்தூர் டெக்கான் ஏர்வேஸ் நிறுவனத்தில் விமானியானார். 1966 இல் துர்பா பானர்ஜி இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் விமானியாகச் சேர்ந்தார். இன்று நம் நாட்டில் பெண்கள் பெரிய விமானங்களைச் செலுத்துகின்றனர். பயிற்சிப் பள்ளிகளில் ஆசிரியராக அமர்ந்து ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் பறக்கக் கற்பிக்கின்றனர். உலக நாடுகளோடு ஒப்பிடும்போது பெண் விமானிகளின் விகிதம் இந்தியாவில் மிகுதி.

சரளா அம்மையார் விரும்பிய தொழில் அவருக்குக் கிட்டவில்லை. ஒரு வழி அடைபட்டபோது அவர் மறுவழி கண்டார்; அதுவும் குலைந்தபோது இன்னொன்றைத் தாமே அமைத்துக்கொண்டார். விமானி ஒருவர் எதிர்க்காற்று வீசுகிறதென்று விமானத்தைக் கைவிட்டு விடுவதில்லை. காற்றின் போக்கறிந்து திசையைத் திருத்திக்கொண்டு மேலே செல்கிறார். லாகூர் வானில் இளமையிற் கற்ற அப்பாடத்தைச் சரளா அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.