பிசகைக் கணக்கில் எடுத்த தச்சர்

தொலைபேசியும் கணினியும் நேரத்தை எண்ணுவது ஒரு சிறு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை வைத்துத்தான். வழமையாக அது செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். சூடும் குளிரும் மாற, அந்த எண்ணிக்கையும் கொஞ்சம் மாறும். பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 செக்கன். இணையத்தோடு தொடர்பில்லாமல் ஒரு வருடம் கிடந்தால் பத்து நிமிடத்தைத் தாண்டிவிடும்.

இதே பிசகோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் ஜோன் ஹரிசன். 1693இல் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில், ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். இருபது வயதளவில் பெரும்பகுதியும் மரத்தாலான மணிக்கூடு ஒன்றைச் செய்தார்.

அக்காலத்தில் நடுக்கடலில் நெட்டாங்கைச் சரியாக அறிய வழியில்லை. 1707இல் சிலித் தீவுகளருகே நான்கு கடற்படைக் கப்பல்கள் மூழ்கி, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1714இல் நாடாளுமன்றம் 20,000 பவுண் பரிசு அறிவித்தது. பூமி நான்கு நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. அரைப் பாகைக்குள் இடத்தைச் சொல்ல வேண்டுமானால், மணிக்கூடு பயணம் முழுவதிலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிசகக்கூடாது.

ஹரிசன் பித்தளையையும் உருக்கையும் சேர்த்தார். வெப்பத்தில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால், ஒன்றின் பிழையை மற்றது ஈடுசெய்தது. மூன்றாவது கருவிக்கு மட்டும் 19 வருடங்கள் செலவிட்டும் அவருக்குத் திருப்தி வரவில்லை. 1759இல் முடித்த நான்காவது, உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய பைக்கடிகாரம் போன்றது. 1761இல் மகன் வில்லியம் அதை யமேக்காவுக்குக் கொண்டுபோனார். அதன் வழமையான நாளாந்தப் பிசகைக் கழித்துப் பார்த்தபோது, 81 நாளில் பிழை ஏறத்தாழ ஐந்து செக்கன்தான்.

நெட்டாங்குச் சபை ஏற்கவில்லை. 1764இல் பார்படோசுக்கு இன்னொரு பயணம். இம்முறை எந்த வெப்பத்தில் நாளுக்கு எத்தனை செக்கன் பிசகும் என்பதை வில்லியம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். பிழை 39 செக்கன். தேவைக்கு மூன்று மடங்கு மேல். ஆயினும் பாதிப் பரிசுதான் கிடைத்தது, அதுவும் கருவிகளை ஒப்படைத்த பிறகு. 1772இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் ஐந்தாவது கருவியைத் தானே சோதித்தார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் 8,750 பவுண் கொடுத்தது. பரிசு என்ற பெயரில் அது வரவில்லை. 1776இல் ஹரிசன் காலமானார்.

பிசகாத மணிக்கூடு இல்லை. பிசகு எவ்வளவு என்று தெரிந்திருந்தால் அந்த மணிக்கூட்டை நம்பலாம். ஹரிசனின் வாழ்க்கையில் நான் படித்தது இதுதான். ஊடகவியலாளராக நான் பார்க்கும் பழைய படங்களிலும் காணொளிகளிலும் முதலில் கேள்விக்குள்ளாவது நேரம்தான். போதாக்குறைக்கு, 1996 ஒக்ரோபர் முதல் 2006 ஏப்ரல் வரை கொழும்பு நேரத்துக்கும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி நேரத்துக்கும் அரை மணி வித்தியாசம். கமராவின் நேரம் பிழை என்பதைக் காட்டியே படத்தையும் பொய் என்று சொல்லிவிடலாம்.

உங்கள் வீட்டில் அப்படியொரு பழைய கமராவோ தொலைபேசியோ இருந்தால், அதன் நேரத்தைத் திருத்தாதீர்கள். சரியான நேரத்தையும் அது காட்டும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, திகதியோடு குறித்துவையுங்கள். திருத்திவிட்டால் அது எவ்வளவு பிசகியிருந்தது என்பதைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.