ஜோசையா மார்ஷல் ஹீத்

ஜோசையா மார்ஷல் ஹீத் (இறப்பு: 1851) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அலுவலராகவும் பின்னர் இரும்புத் தொழில் முனைவோராகவும் விளங்கிய ஆங்கிலேய உலோகவியலாளர் ஆவார். பரங்கிப்பேட்டை இரும்பாலையை நிறுவியவர். வார்ப்பு எஃகில் மங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றவர். பறவையியலிலும் ஈடுபாடு கொண்டிருந்தார்.

சேலத்தில்

கொங்கு நாட்டைச் சேர்ந்த சேலத்தில் பணிபுரிந்தபோது இவர் அப்பகுதி மக்களின் இரும்புத் தொழிலை நேரில் கண்டார். சேலத்தை அடுத்த கஞ்சமலையில் காந்த இரும்புத் தாது மிகுதியாக உள்ளது. இதனைச் சிறிய மண் உலைகளில் கரியுடன் இட்டு, தோல் துருத்தியால் ஊதி இரும்பாக்குவது வழக்கம். அவ்விரும்பின் துண்டுகளை உலர்ந்த ஆவாரங்குச்சிகளோடு களிமண் மூசையில் வைத்து, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்துச் சில மணி நேரம் காய்ச்சினால் எஃகு கிடைத்தது. ஐரோப்பியர் ஊட்ஸ் என அழைத்த எஃகு இதுவே. பின்னாளில் இம்முறையை விவரித்து ஹீத் கட்டுரை எழுதினார். பண்டைய எகிப்தியர் கல்லில் எழுத்துச் செதுக்கிய உளிகள் இந்திய எஃகால் ஆனவை என்பது அவர் கருத்து, அது நிறுவப்படவில்லை.

பரங்கிப்பேட்டை ஆலை

கம்பெனிப் பணியிலிருந்து விலகிய ஹீத், அரசிடம் கடனும் தனியுரிமையும் பெற்று 1830 அளவில் ஆலையைத் தொடங்கினார். தாது மலையருகே இருக்க, ஆலை கடற்கரையில் அமைந்தது. கஞ்சமலைத் தாது காவிரியிலும் கொள்ளிடத்திலும் பரிசல்களில் கொண்டுவரப்பட்டது. எரிபொருள் முழுவதும் மரக்கரியே. சுற்றுப்புறக் காடுகள் குறையக் குறையக் கரிச் செலவு ஏறியது. இரும்பின் தரம் இங்கிலாந்தில் பாராட்டப்பட்ட போதிலும் ஆலை கடனிலிருந்து மீளவில்லை.

மங்கனீசு காப்புரிமை

இங்கிலாந்து திரும்பிய ஹீத் 1839இல், உருகும் எஃகில் சிறிதளவு மங்கனீசுக் கார்பைடைச் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதனால் விலை மிக்க சுவீடன் இரும்பின்றியே நல்ல எஃகு செய்ய முடிந்தது. கார்பைடைத் தனியே தயாரிக்காமல், மங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேரே மூசையில் இட்டாலும் அதே பயன் கிடைக்கும் என்பதையும் அவரே கண்டறிந்தார். ஆனால் காப்புரிமை ஆவணத்தில் அது இடம்பெறவில்லை. ஷெப்பீல்டில் அவருடைய முகவராக இருந்த அன்வின் இவ்வழியைப் பின்பற்றி உரிமத்தொகை செலுத்த மறுத்தார். வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. ஹீத் முடிவைக் காணாமலே 1851இல் இறந்தார். 1855இல் பிரபுக்கள் அவை அன்வினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் ஷெப்பீல்டு எஃகுத் தொழிலில் மங்கனீசு பரவலாகியிருந்தது.

பின்னர்

ஆலையின் பொறுப்பை 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதிய நிறுவனம் ஏற்றது. சேலம் மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள பூலாம்பட்டியிலும் அது உலை அமைத்தது. அம்முயற்சியும் நிலைக்கவில்லை, பரங்கிப்பேட்டை உலைகள் 1860களில் அணைந்தன.