வைத்தியத்தை விட்டு வேதியியலுக்கு வந்தவர்

மெடிக்கல் சீட் கிடைக்கலையேங்கிற மனக்குறையோட கெமிஸ்ட்ரி வகுப்பில் வந்து உட்காருகிறவர்கள் என் காலத்திலும் உண்டு, இன்றும் உண்டு. அவர்களுக்காகவே டாக்டர் பட்டம் பெற்று, வேதியியலுக்கு வந்த ஒருவரைப் பற்றி இந்த மலரில் எழுதுகிறேன். ஹெஸ் விதி எல்லாருக்கும் தெரியும். ஹெஸ் யாருன்னு தெரிந்தவர்கள் குறைவு.

ஜெர்மைன் ஹென்றி ஹெஸ் 1802-ல் ஜெனீவாவில் பிறந்தார். தந்தை ஓவியர். குடும்பம் ரஷ்யாவில் குடியேறியபோது பிள்ளைக்கு மூணு வயசு. டோர்பாட் பல்கலைக்கழகத்தில் 1825-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஸ்டாக்ஹோமில் பேரறிஞர் பெர்சீலியஸிடம் சிறிது காலம் வேதியியல் பயின்றார். சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரில் வைத்தியமும் பார்த்தார். 1830-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்தபின் வேதியியலே வாழ்க்கையாயிற்று.

அங்கே கந்தக அமிலத்தில் வெவ்வேறு அளவு தண்ணீர் கலந்து, பிறகு அம்மோனியாவால் நடுநிலையாக்கினார். இரண்டு படியிலும் வெளிவந்த வெப்பத்தை அளந்தார். முதல் படியில் கூடினால் அடுத்ததில் குறைந்தது. மொத்தம் மட்டும் மாறவில்லை. வினை ஒரே படியில் நடந்தாலும் பல படிகளில் நடந்தாலும் மொத்த வெப்பம் ஒன்றே என்று 1840-ல் அறிவித்தார். ஆற்றல் அழிவின்மை பற்றி மேயர் எழுதியதே 1842-ல்தான். என்தால்பி என்ற சொல்லும் அப்போது கிடையாது.

இதனால நமக்கென்னன்னு கேட்காதீங்க. நம்ம தூத்துக்குடி முத்துச் சிப்பி பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்க எவ்வளவு வெப்பம் வேணும்? சுமார் 900 டிகிரி காளவாய்க்குள் போய் யார் அளப்பது? ஆய்வுக்கூடத்திலேயே முடியும். ஒரு மோல் கார்பனேட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் சுமார் 15 கிலோ ஜூல் வெளிவரும். ஒரு மோல் சுட்ட சுண்ணாம்பைக் கரைத்தால் சுமார் 193. இரண்டிலும் கிடைப்பது அதே கால்சியம் குளோரைடு கரைசல்தான். சுண்ணாம்பிலிருந்து கரியமில வாயு காளவாயிலேயே போய்விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, கழித்தால் வரும் 178 கிலோ ஜூல்தான் காளவாயில் சிப்பி உட்கொண்ட வெப்பம். இது வெப்பம் கொள் வினை. அடுப்பே மூட்டாம விடை கிடைச்சாச்சு!

ஹெஸ் 1850-ல், 48 வயதில் மறைந்தார். இர்குட்ஸ்க்கில் அவர் வைத்தியம் பார்த்த நோயாளிகளை இன்று யாருக்கும் தெரியாது. அவர் விதியோ உலகெங்கும் வகுப்பறைகளில் வாழ்கிறது. தம்பி, தங்கைகளே, கிடைத்த பாடத்தை இரண்டாந்தரம்னு நினைச்சுடாதீங்க.