பொதுவழியில் நடக்கும் உரிமை: இரட்டைமலை சீனிவாசன்



சென்னையிலிருந்து திண்டிவனம் நோக்கிச் செல்லும்போது, மதுராந்தகத்துக்குச் சற்று முன்பாக வருவது கருங்குழி. 18ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டனர். 1763இல் ஆற்காட்டு நவாபு செங்கற்பட்டுப் பகுதியை ஜாகீராக ஆங்கிலக் கம்பெனிக்குக் கொடுத்தார். தமிழ்நாட்டில் கம்பெனி ஆட்சி ஆழமாக வேர்விட்ட முதல் நிலங்களுள் இதுவும் ஒன்று. இந்த மண்ணில் பிறந்த ஒருவரை இன்று நினைவுகூர்வோம். அவர் பெயர் இரட்டைமலை சீனிவாசன்.

மதுராந்தகம் வட்டத்தில் உள்ள கோழியாளம் கிராமத்தில், 1860ஐ ஒட்டிய காலத்தில், பறையர் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். அந்நாளில் செங்கற்பட்டுக் கிராமங்களில் நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது. வயலில் உழைத்த சேரி மக்களில் பலருக்குக் குடியிருந்த குடிசை மனைகூடச் சொந்தமில்லை. தரிசு நிலம் கேட்டு மனு கொடுத்தாலும் மிராசுதாரரின் எதிர்ப்பு குறுக்கே நிற்கும். வரி தவறாமல் வந்தால் போதும் என்றிருந்த அரசு இந்த ஏற்பாட்டைப் பெரிதும் அப்படியே விட்டுவைத்தது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் இம்மக்களின் நிலையை அறிக்கையாக எழுதிய பிறகே, 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதையே.

சாதிக் கொடுமை தாங்காமல் சீனிவாசனின் குடும்பம் தஞ்சைக்கும், பின்பு கோவைக்கும் இடம் பெயர்ந்தது. கோவையில் அவர் படித்த காலத்தில் உடன் படித்தோரில் பெரும்பாலோர் பிராமணர். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் யாரோடும் நெருங்கிப் பழகாமல் ஒதுங்கியே இருந்தார். ஆங்கிலேயர் ஆட்சி பள்ளிக் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் உள்ளே இருந்த பெஞ்சியில் அச்சமின்றி உட்காரும் நிலையை அது உண்டாக்கவில்லை.

நீலகிரியில் ஆங்கிலேயரின் நிறுவனத்தில் கணக்கராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தபின் 1890இல் சென்னைக்கு வந்தார். பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் பத்திரிகை நடத்தினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. எந்தப் பெயரைச் சொல்லி ஊரார் இழிவுபடுத்தினார்களோ, அந்தப் பெயரையே தலைப்பில் அச்சிட்டார். மாணவனாக மறைத்துவைத்த அடையாளத்தை, வளர்ந்தபின் தெருவெங்கும் அறியச் செய்தார். பத்திரிகை 1900 வரை வெளிவந்தது.

அதே 1893இல் சிக்கலான கேள்வி ஒன்று அவர்முன் வந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கேட்டனர். கேட்பதற்கு நியாயமான கோரிக்கைதான். ஆனால் சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேரின் கையொப்பங்களோடு இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். படிப்பு ஒரு சாராரிடமே குவிந்திருக்கையில் அதிகாரமும் அவர்களிடமே போய்ச் சேரும், தம் மக்களின் நிலை இன்னும் மோசமாகும் என்பது அவர் கணிப்பு. இதனால் அவரை ஆங்கிலேயரின் ஆதரவாளர் என்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்நியர் ஆட்சி நல்லது என்று அவர் வாதாடியதாக இதைக் கொள்ளத் தேவையில்லை. விடுதலை யாருக்கு வரப்போகிறது என்று அவர் கேட்டார். ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க முடியாதவனுக்கு அந்தக் கேள்வி எழுவது இயல்பே.

1900இல் கடல் கடந்து சென்றார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். 1921இல் தாயகம் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினரானார். அடுத்த ஆண்டே, பொதுச் சாலை, பொதுக் கிணறு, அலுவலகம் ஆகியவற்றை எல்லாரும் பயன்படுத்தத் தடை கூடாது என்ற தீர்மானத்தை முன்வைத்தார். 1924இலேயே அரசு அதை ஆணையாக வெளியிட்டது. ஆங்கிலக் கொடி கருங்குழிப் பகுதியில் பறக்கத் தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின்புதான், தெருவில் நடக்கலாம் என்று ஒரு காகிதம் சொன்னது.

1930இலும் 1931இலும் இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளுக்கு அண்ணல் அம்பேத்கரோடு சென்று, ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதி கேட்டார். அது கிடைத்தது. ஆனால் காந்தியடிகளின் உண்ணாநோன்பை அடுத்து, 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தால் அது பொதுத் தொகுதிகளில் தனி இடங்களாக மாறியது. சீனிவாசன் தம் வாழ்க்கையை 1939இல் சிறு நூலாக எழுதினார். 1945 செப்டம்பர் 18இல் காலமானார். நாடு விடுதலை பெறுவதைக் காண அவர் இல்லை. அவர் நினைவாக இந்திய அரசு 2000இல் அஞ்சல்தலை வெளியிட்டது.

அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் அவர் வாழ்வு நம்மைக் கேள்வி கேட்கிறது. ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை உண்ணும் நாம், தேர்ப்பவனி எந்தத் தெரு வரை போகலாம் என்று சண்டையிட்டதில்லையா? கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய ஊர்கள் நம்மிடையே இல்லையா? திருச்சபைக்குள்ளும் தீண்டாமை இருப்பதை இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் இன உரிமையை மறுக்கும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை நீக்கக் கோரி நாம் ஊர்வலம் போகிறோம். போக வேண்டியதுதான். அந்த ஊர்வலம் நம் பங்கின் எல்லாத் தெருக்கள் வழியாகவும் போகிறதா என்றும் பார்த்துக்கொள்வோம்.

ஆணை வருவதற்கு அரசு வேண்டும். ஆனால் பக்கத்துத் தெருக்காரரை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்க எந்த ஆணையும் தேவையில்லை. வரும் பங்குத் திருவிழாக் கூட்டத்தில் தேர் செல்லும் வழியைப் பற்றிப் பேச்சு வரும். அப்போது கோழியாளத்துச் சீனிவாசனை நினைத்துக்கொள்வோம்.