தண்ணீரின் கணக்கைக் கண்டுபிடித்தவர்: டாக்டர் சம்புநாத் டே



வழக்கமாக இந்தப் பக்கத்தில் நமக்குத் தெரிந்த பெரியவர்கள் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவேன். இந்த முறை கல்கத்தாக்காரர் ஒருவர். ஏன் இவர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன சித்திரையில் நம் குடியிருப்பில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு. எந்த வீடு என்று எழுதவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை போயிருக்கிறது. குடித்தால் இன்னும் போகும் என்று வீட்டுப் பாட்டியம்மா தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். மாலையில் நான் பார்த்தபோது குழந்தையின் கண்கள் உள்ளே போயிருந்தன. அழுதது, கண்ணீர் வரவில்லை. அரை மணி நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அதே குழந்தை லிஃப்ட் பொத்தான்களை எல்லாம் அமுக்கிக்கொண்டு நின்றது.

பாட்டியம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. சூலக்கரையில் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தார்கள். என் கடைசித் தங்கைக்கு அப்போது ஒன்றரை வயது. வாந்தியும் பேதியுமாக ஒரு பகல், ஒரு இரவு. அவள் தண்ணீர்ச் செம்பைப் பார்த்துப் பார்த்து அழுதாள். பெரியவர்கள் கொடுக்க வேண்டாம் என்றார்கள், அம்மா கொடுக்கவில்லை. விடியும்போது அழுகை நின்றுவிட்டது. தூங்குகிறாள் என்று நினைத்தோம். அம்மா தன் கடைசிக் காலம் வரை அந்தச் செம்பைப் புழங்கவில்லை.

தண்ணீரைக் கொடுக்க வேண்டும் என்பதற்கான காரணத்தை உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர்தான் நான் சொல்ல வந்த சம்புநாத் டே.

சிறிய ஊர், சிறிய வியாபாரம்

மேற்கு வங்கத்தில் ஹூக்ளி மாவட்டம் கரிபாட்டி என்ற கிராமத்தில் 1915 பிப்ரவரி 1ஆம் தேதி பிறந்தார். அப்பாவுக்குச் சின்ன வியாபாரம். படிப்புக்குச் சித்தப்பா முறை உறவினர் உதவினார். பள்ளியில் நன்றாகப் படித்து உதவித்தொகை வாங்கினார். ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியிலும் பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் படித்து 1939இல் டாக்டரானார். 1942இல் வெப்பமண்டல நோய்களுக்கான பட்டயமும் பெற்றார்.

தனியாக கிளினிக் வைத்துச் சம்பாதிக்க அவருக்கு மனம் ஓடவில்லை. ஆய்வுக்கூடம்தான் பிடித்தது. படித்த கல்லூரியிலேயே நோய்க்குறியியல் துறையில் சேர்ந்தார். 1947இல் லண்டன் போய் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவப் பள்ளியில் சர் ராய் கேமரன் என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்து, 1949இல் பிஎச்.டி. பட்டத்துடன் கல்கத்தா திரும்பினார்.

அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து எடுத்துக்கொண்ட வேலை காலரா. அன்றைய கல்கத்தாவில் ஆண்டு தவறாமல் வரும் விருந்தாளி அது. அரசு மருத்துவமனை வார்டுகளில் நோயாளிகள் அரிசி கழுவிய தண்ணீர்போல லிட்டர் லிட்டராகப் போய், சில மணி நேரத்தில் வற்றி இறந்தார்கள்.

எழுபத்தைந்து ஆண்டுச் சிக்கல்

காலராக் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884இலேயே, இதே கல்கத்தாவில் ஆய்வு செய்து, உறுதிப்படுத்திவிட்டார். கிருமி ஒருவித நஞ்சைச் சுரக்கிறது என்றும் அவர் ஊகித்தார். ஆனால் அந்த நஞ்சை யாராலும் காட்ட முடியவில்லை. கிருமியை விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். விலங்கு செத்தது, ஆனால் மனிதனுக்கு வருவதுபோலப் பேதி வரவில்லை. கிருமி செத்து உடைந்து அதன் விஷம் உடம்பெல்லாம் பரவுவதால்தான் ஆள் சாகிறான் என்ற எண்ணம் பலரிடம் ஊன்றிப்போனது.

நான் வணிகவியல் படித்தவன், வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். மாலையில் கணக்கு நேராகாவிட்டால் எல்லாப் பேரேட்டையும் புரட்டுவோம். கடைசியில் தவறு நாம் பார்க்காத ஒரே ஒரு பக்கத்தில் இருக்கும். இங்கே யாரும் பார்க்காத பக்கம் குடல். நோய் நடப்பது குடலில், எல்லாரும் தேடியது இரத்தத்தில்.

டே குடலைப் பார்த்தார். மயக்கமருந்து கொடுத்த முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, உள்ளே காலராக் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் திறந்து பார்த்தால் அந்தத் துண்டு மட்டும் தண்ணீரால் பலூன்போல உப்பியிருந்தது. கிருமி செலுத்தாத துண்டு வெறுமையாக இருந்தது. இது 1953இல் வெளியானது. அடுத்து கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் நிரம்பியது. கோக் ஊகித்த நஞ்சு அதில்தான் இருந்தது. 1959 மே மாதம் நேச்சர் என்ற ஆங்கில ஆய்விதழில் இதை எழுதினார். அவருக்கு வயது 44. பெரிய கருவிகள் இல்லை. முயல், நூல், வடிகட்டி, பொறுமை, இவ்வளவுதான்.

இதனால் என்ன தெளிந்தது? காலராவில் ஆளைக் கொல்வது உடம்பெங்கும் பரவும் விஷம் அல்ல. கிருமியின் நஞ்சு குடலின் குழாயைத் திறந்துவிடுகிறது, உடம்பின் தண்ணீரும் உப்பும் கொட்டிப்போகின்றன. போனதைப் போட்டால் ஆள் பிழைப்பார்.

உப்பும் சர்க்கரையும்

எப்படிப் போடுவது என்பதை வேறு பலர் கண்டார்கள். குடல் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பையும் கூடவே இழுக்கிறது, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது என்று 1960களில் தெரியவந்தது. பேதி போய்க்கொண்டிருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. ஆகவே வெறும் தண்ணீரைவிட, அளவான உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் உள்ளே தங்குகிறது.

1971 வங்கதேசப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தார்கள். பொங்கான் என்ற ஊரின் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் வீட்டாரையே டம்ளர் டம்ளராகக் கொடுக்க வைத்தார். நூற்றுக்கு முப்பதை நெருங்கியிருந்த சாவு, அங்கே நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கதை இதுதான். உலகம் முழுதும் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றியது.

வரவு வைக்கப்படாத பெயர்

டே தொடர்ந்து பாடம் நடத்தினார், 1973இல் ஓய்வு பெற்றார். நம் நாட்டின் அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய விருது எதுவும் தரவில்லை. நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க் இவர் பெயரை நோபலுக்கே பரிந்துரைத்தார், கிடைக்கவில்லை. 1978இல் ஸ்வீடனில் நோபல் அறக்கட்டளையின் ஆதரவில் நடந்த காலரா கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். அவர் காலத்தில் கிடைத்த பெரிய மரியாதை என்றால் அதுதான்.

1985 ஏப்ரல் 15ஆம் தேதி காலமானார். நம் விருதுநகர் மாவட்டம் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து அப்போது சரியாக ஒரு மாதம். 1990இல் பெங்களூரின் கரண்ட் சயின்ஸ் இதழ் அவருக்காகத் தனி இதழ் போட்டது. அப்போது அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

நம் வீட்டில் செய்ய வேண்டியது

விருது தருவது நம் கையில் இல்லை. அவர் காட்டியதை வீட்டில் செய்வது நம் கையில் இருக்கிறது. பத்து கிலோ குழந்தை ஒரு லிட்டர் தண்ணீரை இழந்தால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, அது உயிருக்கு ஆபத்து. பெரியவர்களுக்கு இருக்கும் கையிருப்பு குழந்தைக்கு இல்லை. நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம் தீரும். இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

1. வயிற்றுப்போக்கு தொடங்கிய உடனே ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். ஒவ்வொரு தடவை போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. பொட்டலத்தில் எழுதிய அளவு தண்ணீரில், கொதித்து ஆறிய நீரில், கரையுங்கள். பாதிப் பொட்டலம் போடாதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

2. வாந்தி எடுத்தால் நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம்.

3. பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நீர்மோரும் உதவும். குளிர்பானம், அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது.

4. கண் உள்ளே போவது, கண்ணீர் இல்லாத அழுகை, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி பள்ளமாவது ஆகியவை எச்சரிக்கை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே டாக்டர்.

5. குழந்தை துவண்டு கிடக்கிறது, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, மலத்தில் இரத்தம், வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். அழுகை நின்றது நல்ல அறிகுறி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நினைத்தோம்.

6. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். துத்தநாக மருந்து எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் அரசு மருத்துவமனைகளில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இலவசம், தவறவிடாதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் செக்யூரிட்டி அறையில் முதலுதவிப் பெட்டி இருக்கிறது, அதில் பஞ்சும் பிளாஸ்திரியும் மட்டுமே உள்ளன. பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் வைக்கலாம். முதல் பத்தை நானே வாங்கித் தருகிறேன். காலாவதித் தேதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதிவைக்கும் வேலையையும் ஏற்றுக்கொள்கிறேன், பேரேடு எழுதிய கைதானே.

நள்ளிரவில் யார் வீட்டுக் குழந்தைக்கு வேண்டுமானாலும், யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் இருக்கும்.